கடைசி பைட்

கரண்ட் போன பிறகும்
சீலிங் ஃபேன் ஏழெட்டுச் சுற்று சுற்றும்.
அந்த ஏழெட்டுச் சுற்றுக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபேக்டரி.
அம்மோனியா ஓடும் குழாய்க்குப் பக்கத்தில்
உள்ளங்கை அகலத்தில் என் போர்டு.
மெயின் விழுந்தால்
கட்டைவிரல் பருமன் கெப்பாசிட்டர் ஒன்று
நாற்பது மில்லிசெகண்டு தாங்கும்.
அதற்குள்
குழாயின் அழுத்தம், வால்வின் நிலை, மணி
எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சாக வேண்டும்.
முப்பத்தோரு பைட்.
ஒரு ஜோடிக் கம்பியில், ஒன்றன்பின் ஒன்றாக,
ஒவ்வொன்றும் ஒரு மில்லிசெகண்டும் கொசுறும்.

கணக்கு சரி. என் மேசையில் சரி.
ஃபேக்டரியில் மட்டும்
முப்பதுதான் வந்தது.

முப்பத்தொன்றாவதுதான் செக்சம்,
முன்னால் போனதையெல்லாம் கூட்டி வைத்திருக்கும் சாட்சி.
அது வராவிட்டால்
மற்ற முப்பதும் புளுகு என்று
ஆபீஸ் ரூம் பெட்டி தூக்கிப் போட்டுவிடும்.
ஆகஸ்டில் ஒன்பது தடவை செத்தது போர்டு.
ஒன்பது வாக்குமூலமும் தள்ளுபடி.

"கரண்டு பூட்சின்னா பூட்சி மேடம்,
அதுக்கப்பறம் இன்னா பேச்சு?"
என்றார் நைட் ஷிஃப்ட் தேசப்பன்.
சொல்லிக்கொண்டே
என் போர்டின் பிரேக்கரை மட்டும்
எனக்காக இறக்கினார், ஏற்றினார், இறக்கினார்.
பத்தொன்பது தடவை.
ஸ்கோப் திரையில் பத்தொன்பது தடவையும்
தொடக்க பிட் இறங்கி,
மூன்று பிட் நடந்து,
நாலாவதின் நடுவில் கோடு படுத்துவிட்டது.

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்
டோல்கேட்டில் நின்றது.
ஸ்டாப் காலி என்று கண்டதும்
கண்டக்டர் ரெண்டு விசில் அடித்தார்.
கடைசி ஆளின் ஒரு கால்
இன்னும் ரோட்டில்.
யாரோ சட்டையைப் பிடித்து அவரை உள்ளே இழுத்தார்கள்.
செருப்பு வரவில்லை.
பஸ்ஸே கண்டக்டரைத் திட்டியது.
நான் வாயைத் திறக்கவில்லை.

நான் நம்பிக்கொண்டிருந்த கொடியும்
அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது:
ஸ்டாப் காலி.
படிக்கட்டைப் பற்றி அது எதுவும் சொன்னதில்லை.
அதைக் கேட்டுத்தான்
மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக
கம்பியை ஓட்டும் சிப்பை நான் அணைத்துக்கொண்டிருந்தேன்.

படிக்கட்டுக்கென்று தனிக்கொடி ஒன்று உண்டு.
மேனுவலில் எழுநூறு பக்கம் தாண்டி, பொடி எழுத்தில்.

மேசையில் ஏன் பிழைத்தது என்றால்,
உள்ளே என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்க்க
பிரிண்ட் ஒன்று போட்டு வைத்திருந்தேன்.
அது தட்டுத்தடுமாறி எழுதி முடிக்கும் நேரத்தில்
கடைசி பைட் ஏறிக்கொண்டிருந்தது.
ஃபேக்டரிக்கு அனுப்பும்போது
சுத்தமாக இருக்கட்டும் என்று
அந்த வரியை நானே அழித்தேன்.

திருத்தமும் ஒரே வரி.
காத்திரு, என்பதுதான்.

நவம்பர், மழை.
ராத்திரி ரெண்டு பதினொன்றுக்கு
எர்ணாவூரில் என் ஃபேன் வேகம் குறைந்தது.
அது நிற்பதற்குள்
தலைமாட்டில் ஃபோன் வெளிச்சம்.
அழுத்தம் பதினொன்று புள்ளி இரண்டு.
வால்வு மூடியிருக்கிறது.
மணி இரண்டு பதினொன்று.
செக்சம் சரி.
இருட்டில் உட்கார்ந்து அதை மூன்று தடவை படித்தேன்.

நாலாவது தடவை படிக்கும்போது தேசப்பன் கூப்பிட்டார்.
"வந்துச்சா மேடம்?"
வந்துச்சு, முழுசா வந்துச்சு என்றேன்.
அவர் பக்கத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம்.
டார்ச்சைத் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம்.

"அதுல, நான் உள்ள கீறேன்னு வருதா?"

அழுத்தம், வால்வு, மணி.
மனதுக்குள் முப்பத்தொன்றையும்
மறுபடி ஒவ்வொன்றாக எண்ணினேன்.
அவர் காத்துக்கொண்டிருந்தார்.

கெப்பாசிட்டரில்
இன்னும் ஏழு மில்லிசெகண்டு
சும்மா கிடக்கிறது.